பத்திரிகை அதிபர் வை.மு.கோ.

ஜெயா டி.வி., புதிய தலைமுறை ஆகிய நிலையங்கள் வந்தபின் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல், தமிழ்ச் செய்தி உலகின் முகவரிகளுள் ஒன்றாகிவிட்டது. காலை ஷிஃப்டுக்கு வரும் செய்தி வாசிப்பாளர், மைக்கோடு கிளம்பும் நிருபர், இரவில் வீடு திரும்பும் படத்தொகுப்பாளர் என்று இன்று பெண்கள் இல்லாத செய்தி அறை இல்லை. ஆனால் முதலைப் போட்டு, எது வெளிவரும், எது வராது என்று கடைசிச் சொல் சொல்லும் இடத்தில் தமிழ் ஊடகங்களில் பெண்கள் மிகச் சிலரே. நூறாண்டுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நினைவில் வைக்காதது தமிழ்ச் சமூகத்தின் பெருங்குறை.

1901-இல் பிறந்த வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிப் படிப்பு கிடையாது. 'இந்திரமோகனா' என்ற முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார். 1925-இல், நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனைப்படி, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். 'வைதேகி' நாவல் அதில் தொடராக வந்தது. 1960-இல் மறையும் முன் 115 நாவல்கள் எழுதிவிட்டார்.

இதுவரை சொன்னதை நினைவுநாள் கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன. காந்தியைச் சந்தித்தபின் கதர் உடுத்தியது, 1930களின் தொடக்கத்தில் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றது, சிறைக்குள்ளும் நாவல் எழுதியது, அவருடைய 'தயாநிதி' 1966-இல் 'சித்தி' என்ற படமானது ஆகியவையும் வந்துவிடும். விடுபடுவது அவர் செய்த தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாத இதழை நடத்துவதென்றால் காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கோப்பவருக்குக் கூலி தர வேண்டும், சந்தா வசூலாக வேண்டும், தபால் செலவு கட்டுப்படியாக வேண்டும். அவர் சொந்த அச்சகமும் வைத்தார். இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் தள்ளாடியபோது நிலத்தை விற்று இதழை நடத்தினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இதைத் தியாகம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஓர் ஆண் செய்திருந்தால் தொழில் துணிச்சல் என்றிருப்போம்.

அவர் நாவல்களில் கலைநயம் குறைவு என்பார்கள். பல நாவல்களைப் பொறுத்தவரை அது நியாயமான விமர்சனமே. மர்மமும் தற்செயலும் நிறைந்த கதைப்போக்கு அந்தக் காலத்தோடு போய்விட்டது. ஆனால் இலக்கியத் தராசு ஒரு பத்திரிகையாளரை எடைபோடப் போதாது. விதவை மறுமணம், வரதட்சணை, குடியின் கேடு ஆகியவற்றைத் தாழ்வாரத்துக்குள்ளேயே வாழ்ந்த பெண்களிடம் கதையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். படிக்கிற பழக்கத்தையே உண்டாக்கினார். அவருக்கு முன் 'ஹிதகாரிணி' இதழை நடத்திய பண்டிதை விசாலாட்சி அம்மாளையும் சேர்த்துப் பார்த்தால், பெண் பத்திரிகை முதலாளி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை என்று தெரியும். பரம்பரை ஒன்று இருந்தது, அது அறுந்தது. ஏன் அறுந்தது என்று ஆராயப் பழைய இதழ்கள் கைக்கு வர வேண்டும்.

ஆகவே 'ஜகன்மோகினி'யின் முழு வரிசையையும் தமிழக அரசு திரட்ட வேண்டும். பொது நூலகங்களிலும் தனியார் வீடுகளிலும் உள்ளவற்றைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எவரும் இலவசமாகப் படிக்க வைக்க வேண்டும். கதைப் பக்கங்களை மட்டும் எடுத்துப் பயனில்லை. விளம்பரம், சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம், தலையங்கம் எல்லாம் வேண்டும். தொழிலின் கதை அங்கேதான் இருக்கிறது. அவர் எழுத்தின் பதிப்புரிமைக் காலம் 2020-ஓடு முடிந்துவிட்டதால் அதற்குச் சட்டத் தடையும் இல்லை. இதழியல் துறைகள் அவரைப் பெண் எழுத்தாளர் வரிசையோடு நிறுத்தாமல் ஊடக நிர்வாகப் பாடத்தில் சேர்க்கட்டும். ஈக்காட்டுத்தாங்கலின் தொலைக்காட்சி நிலையங்கள் இப்பணிக்குப் பணமும் கருவியும் தந்து உதவலாம்.

தள்ளிப்போட நேரமில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த வீடுகளில் பழந்தாள்கள் என்ன ஆயின என்று ஈக்காட்டுத்தாங்கல்காரர்களுக்குத் தெரியும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு ஒதுக்கீடு வேண்டும்.