குமாரசாமி ராஜாவும் கொள்முதல் நெல்லும்

பதவியில் இருந்த ஒரு முதன்மந்திரியை அவருடைய சொந்தச் சீமையிலேயே வாக்காளர்கள் தோற்கடித்தார்கள் என்றால் இன்றைய இளைஞர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். 1952-ம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதுதான் நடந்தது. தோற்றவர் ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா. பதவியை வைத்துச் சொத்துச் சேர்த்தவர் அல்ல அவர். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். அப்படிப்பட்டவர் ஏன் தோற்றார்? என்னைக் கேட்டால், எதிர்த்து நின்ற வேட்பாளரைவிட நெல்தான் அவரை அதிகமாகத் தோற்கடித்தது என்பேன். விவசாயிகளாகிய நாம் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ல் ராஜபாளையத்தில் பிறந்தார். காந்தியடிகளின் வழியில் இறங்கிச் சிறை சென்றவர். ராமநாதபுரம் ஜில்லாவின் உள்ளாட்சிப் பணிகளில் பழகியபின், 1934-ல் டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். பிறகு சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1946-ல் பிரகாசம் மந்திரிசபையில் மந்திரியானார். பெரிய பேச்சாளர் என்று பெயர் எடுத்தவர் அல்ல, ஆரவாரம் இல்லாதவர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகிய பிறகு, 1949 ஏப்ரல் 6-ல் முதன்மந்திரிப் பதவி அவரிடம் வந்தது. கட்சியில் காமராஜரின் ஆதரவு அவருக்கு இருந்தது. அன்றைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு ஜில்லாவில் பொய்த்த மழைக்கு இன்னொரு ஜில்லாவின் நெல் ஈடு கொடுக்க வேண்டியிருந்த காலம்.

அந்த மழைதான் சதி செய்தது. 1947-லிருந்தே பருவங்கள் ஒழுங்காக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருந்தாலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் மழையின் நிழலில் கிடக்கும் பூமி என்பது இங்கே ஏர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மலையில் பெய்து ஓடைகள் ஓடினால்தான் கண்மாய் பெருகும். கண்மாய் பெருகினால்தான் நஞ்சை. கிழக்கே போகப் போகக் கரிசல். அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளையும். வானம் கைவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே காய்ந்துபோகும்.

உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க யுத்த காலத்தில் வந்த கட்டுப்பாடுகள் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தன. காந்தியடிகள் அவற்றை எடுத்துவிடச் சொன்னார். 1947 கடைசியில் மத்திய சர்க்கார் படிப்படியாகத் தளர்த்தியது. விலை ஏறிற்று, 1948-ல் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. ஆக, குமாரசாமி ராஜா பதவி ஏற்றபோது இந்தச் சுமை ஏற்கனவே வண்டியில் ஏற்றப்பட்டிருந்தது. அவர் அதை இழுத்தவர், ஏற்றியவர் அல்ல. இதை நாம் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கொள்முதல் எப்படி நடந்தது என்று இன்று பலருக்குத் தெரியாது. கிராம அதிகாரிகளின் கணக்கில் இன்னாருக்கு இத்தனை ஏக்கர், இத்தனை விளைச்சல் என்று எழுதப்படும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டு, மிச்சத்தை சர்க்கார் நிர்ணயித்த விலைக்கு அளந்துவிட வேண்டும். எல்லை தாண்டி நெல்லைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் நெல் பறிமுதல். காகிதத்தில் படித்தால் இதில் அநியாயம் ஒன்றும் தெரியாது. பசித்தவனுக்குச் சோறு போட வேண்டுமானால் விளைந்த இடத்திலிருந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஆனால் களத்துமேட்டில் நிலைமை வேறு. கணக்கில் எழுதிய விளைச்சல் ஒன்று. கதிர் அடித்துத் தூற்றி அம்பாரம் போட்டபின் கண்ட விளைச்சல் ஒன்று. குறைந்ததை யாரிடம் சொல்வது? செல்வாக்குள்ளவன் நிலத்துக்குக் குறைவாகவும் இல்லாதவன் நிலத்துக்குக் கூடுதலாகவும் கணக்கு எழுதப்பட இடம் இருந்தது. கொடுத்த நெல்லுக்கு வந்த விலை சர்க்கார் விலை. வாங்கிய இரும்புக்கும் துணிக்கும் மாட்டுக்கும் கொடுத்த விலை சந்தை விலை. இந்தக் கணக்கைப் பார்க்கக் குடியானவனுக்குப் படிப்பு வேண்டியதில்லை.

மறுபக்கம் ரேஷன். ராஜபாளையமே இதற்கு நல்ல உதாரணம். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு அது விவசாய ஊராக மட்டும் இல்லை. மில் தொழிலாளிகளின் ஊருமாகிவிட்டது. அடிவாரத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிப்பவனும் அங்கேதான். அரிசியைக் கடையில் வாங்கித் தின்பவனும் அங்கேதான். எடுத்த நெல்லுக்கு விலை போதவில்லை என்று ஒருவன் முணுமுணுக்க, கொடுத்த அரிசி போதவில்லை என்று அடுத்த தெருக்காரன் முணுமுணுத்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முதன்மந்திரி. அவரும் அதே ஊர்க்காரர். வெளியூர்க்காரராக இருந்திருந்தால் கோபம் இவ்வளவு கிட்டத்தில் வந்திருக்காதோ என்னவோ.

தேர்தல் வந்தது. ராஜ்யம் முழுவதிலும் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. மந்திரிகள் பலர் தோற்றார்கள், பக்தவத்சலம்கூடத் தோற்றார். ஆந்திரப் பகுதியில் ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சி 15 இடங்கள் பிடித்தது. விவசாயி என்ற பெயரிலேயே ஒரு கட்சி நின்று ஜெயிக்க முடிந்தது என்றால் கிராமங்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். கட்சிச் சண்டையும் ஜாதிக் கணக்கும் மொழிவாரி ராஜ்யக் கோரிக்கையும் அந்தத் தேர்தலில் வேலை செய்யாமல் இல்லை. ஆனாலும் நெல்லும் அரிசியும் இல்லாமல் அந்த முடிவை விளக்கிவிட முடியாது என்பதே என் அபிப்பிராயம்.

அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பாராளுமன்றத் தொகுதியில் நின்றவர் காமராஜர். அவர் ஜெயித்தார்! பாராளுமன்றத் தொகுதி பரப்பில் பெரியது என்பது உண்மை. ஓட்டுகளை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் கட்சி ஒன்றே. காமராஜர் அதற்குத் தலைவர்; ஆட்சியில் உட்கார்ந்தவரோ ராஜா. களத்தில் நெல்லை அளந்தது ஆட்சிதானே தவிரக் கட்சி அல்ல. ஜனங்கள் அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சர்க்கார் முத்திரையில் இருக்கும் கோபுரம் தங்கள் ஊர்க் கோபுரம்தான் என்று பெருமை பேசுகிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த முத்திரை போட்ட உத்தரவுகளுக்குப் பதில் சொல்லவும் அது தயங்கவில்லை.

பிறகு நடந்ததை ராஜா எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. அவரை மேல்சபைக்கு நியமித்து, 1952 ஏப்ரல் 10-ல் முதன்மந்திரியாக்கினார்கள். ஜனங்கள் முன் நின்றவர் வீட்டுக்குப் போனார். நிற்காதவர் கோட்டைக்குப் போனார். அந்த ஜூன் மாதத்திலேயே ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பலர் பயந்தார்கள், விலை ஏறும், பட்டினி வரும் என்றார்கள். சொன்ன அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நெல் வண்டிகள் தடையில்லாமல் ஓடின. அந்தத் துணிவை ஓராண்டு முன்னால் ராஜா காட்டியிருந்தால்? காட்டியிருக்க முடியுமா என்பதும் கேள்வி. கையிருப்பும் மத்திய சர்க்காரின் தயவும் அன்று அவருக்கு எப்படி இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கட்டுப்பாடே தவறு என்று நான் சொல்லமாட்டேன். நிலமில்லாத கூலிக்காரனுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது. கணக்கு எழுதியவன் பேச்சு மேலே போனது, நெல் அளந்தவன் பேச்சு போகவில்லை, தவறு அங்கேதான். கோட்டையில் உட்கார்ந்துவிட்டால் எந்த மந்திரிக்கும் நெல் என்பது டன் கணக்காகத்தான் தெரியும் போலிருக்கிறது.

அவருடைய ஆட்சி விவசாயிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் பொய். 1948-ல் நிறைவேறிய ஜமீன் ஒழிப்புச் சட்டம் செயலுக்கு வந்தது அவர் காலத்தில். பக்கத்தில் சேத்தூர், சிவகிரி என்று ஜமீன்கள் இருந்த பூமி இது. ஜமீன்தாருக்கு வரி கட்டிய குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்க வழி பிறந்தது சின்ன விஷயமா? 1950-ன் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்ததுதான். ஆனால் பட்டா கைக்கு வர சர்வே வேண்டும், செட்டில்மெண்ட் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். நெல் எடுக்க வரும் ஆளோ அறுவடைக்கு அறுவடை வந்துகொண்டிருந்தான். நல்லது நடந்து முடிவதற்குள் ஓட்டுப் பெட்டி வந்துவிட்டது.

தோல்விக்குப் பிறகு ராஜா 1954-ல் ஒரிசாவின் கவர்னரானார். அதே 1954-ல் காமராஜர் சென்னையில் முதன்மந்திரியானார். ஒரிசாவில் கலை, இலக்கியக் காரியங்களில் ராஜா ஆர்வம் காட்டினார். உடல்நலம் கெட்டு 1956-ல் விலகினார். 1957 மார்ச்சில் காலமானார். வயது 59 ஆகவில்லை.

இந்தக் கதை அவரோடு முடியவும் இல்லை. 1967-ல் மறுபடியும் அரிசிப் பஞ்சம்; மறுபடியும் நெல் லெவி. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.கழகம் வந்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். புதிய ரகக் கோதுமையையும் நெல்லையும் நாட்டுக்குக் கொண்டுவந்த மத்திய உணவு மந்திரி சி.சுப்பிரமணியமும் கோபியில் தோற்றார். பதினைந்து ஆண்டு இடைவெளியில், ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில், வீடு வாசல் சேர்க்காத இரண்டு பெரியவர்களைச் சோற்றுப் பானை கீழே இறக்கியது. இதை நன்றிகெட்ட செயல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். நேர்மையானவர் என்பதற்காக ஒருவருக்கு மாலை போடலாம்; அவர் ஆட்சியில் நெல்லுக்கு நேர்ந்ததைப் பேசாமல் இருக்க முடியுமா?

இன்று நமக்குத் தகராறு நேர்மாறாக இருக்கிறது. அன்று சர்க்கார் நெல்லைப் பிடுங்குகிறது என்று கோபம். இன்று சர்க்கார் நெல்லை எடுக்கவில்லை என்று கோபம். நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்ற ஒரு சொல்லுக்காகத் தார்ப்பாய்க்கடியில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிறோம். மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது பற்றி எழுதவே வேண்டாம். நிலையத்துக்கு நெல் கொண்டுபோன எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்று கிராமக் கணக்கு செய்த வேலையை இன்று ஈரமானி செய்கிறது.

தண்ணீர் விஷயமும் அப்படியே. சிவகிரிக்கு மேலே மலையில் செண்பகவல்லி அணைக்கட்டு உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதைச் செப்பனிட வேண்டும் என்று வாசுதேவநல்லூரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கேட்டுக் கேட்டுக் குரல் ஓய்ந்துவிட்டது. இடம் கேரள எல்லைக்குள் இருப்பதால் இரண்டு சர்க்கார்கள் பேசியாக வேண்டும். அழகர் அணைத் திட்டமும் ஒவ்வொரு தேர்தலிலும் மேடை ஏறுகிறது. தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடுகிறது. அடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் செய்யும் நாசத்துக்கு நஷ்டஈடு கேட்டு அலைபவர்கள் வேறு.

இவற்றை வைத்து இந்த இரண்டு தொகுதிகளில் ஒரு எம்.எல்.ஏ.யாவது தோற்றிருக்கிறாரா? யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை, கட்சியைப் பார்த்தும் சின்னத்தைப் பார்த்தும் ஜெயித்தவர்கள், தோற்றவர்கள்தான் அதிகம். எம்.எல்.ஏ.க்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தவறாமல் வருகிறார்கள். கொள்முதல் நிலையத்துக்கு வருவதில்லை.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் ஊருக்குள் வரும்போது ஆரத்தி எடுப்பதை எடுங்கள். அது நம் ஊர் மரியாதை. அதற்குப் பிறகு அவரைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோடை மழையில் அறுத்த நெல்லுக்கு ஈரப்பதத் தளர்வு கேட்டுச் சட்டசபையில் எழுந்து பேசுவீர்களா? செண்பகவல்லிக்காகக் கேரளத்தோடு பேசச் சொல்லி முதன்மந்திரியிடம் எத்தனை முறை போவீர்கள்? கொள்முதல் தொடங்கும் நாளில் நிலையத்தில் வந்து நிற்பீர்களா? அவர் சொல்லும் பதிலைக் கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் நோட்டில் தேதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அவர் மறுபடியும் வருவார். அப்போது நோட்டு கையில் இருக்க வேண்டும்.