பாரம் எங்கே தொங்குகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டி ஓட்டிய பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று உடனே சொல்லுவார்.

முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் ஏர்க்கால் மேலே எழும்பும். வண்டி குடை சாயும்.

ஆகாயத்திலும் இதே கணக்குத்தான்!

'ஹாங் கிளைடர்' என்பது என்ஜின் இல்லாத இறக்கை. அதன் நடுத்தண்டில், எடை சமமாக நிற்கும் இடத்தில், பறப்பவர் வாரில் தொங்குவார். கைப்பிடிக் கம்பியை இழுத்தால் அவர் உடல் முன்னே போகும், இறக்கையின் மூக்கு தாழும், வேகம் கூடும். கம்பியைத் தள்ளினால் உடல் பின்னே போகும், மூக்கு நிமிரும், வேகம் குறையும். மிகவும் குறைந்தால் காற்று இறக்கையைத் தாங்காது.

கால்கள் போதவில்லை

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால் இறக்கை கட்டி 2,000 தடவைக்கு மேல் பறந்தவர். ஆனால் அவர் தோளும் கையும் இறக்கையின் சட்டத்தில் மாட்டியிருந்தன. இடுப்புக்குக் கீழேதான் அசைக்க முடிந்தது.

1896 ஆகஸ்டு 9-ந் தேதி திடீர்க் காற்று மூக்கைத் தூக்கியது. கால்களை முன்னே வீசினார். போதவில்லை. சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார்.

மாட்டாத பெல்ட்

'பாராகிளைடர்' என்பது துணி இறக்கை. ஓட்டுகிறவரும் பயணியும் அதன் கயிறுகளில் தொங்குவார்கள். 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் குலுவில் அப்படிப் பறந்த சுற்றுலாப் பெண் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை என்று முதல் விசாரணையில் தெரிந்தது. ஓட்டியவர் கைது செய்யப்பட்டார்.

நமக்கு என்ன?

குமுளி மலை ஏறினால் வாகமண் தொலைவில்லை. அங்கே பாராகிளைடர் பறக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். ஆசை தப்பில்லை.

ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று சாதாரணமானதல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அது சுழன்று அடிக்கும்.

பறக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டுகிறவருக்கு உரிமம் உண்டா? காற்று எப்படி? பெல்ட்டை இரண்டு தடவை பார்த்தாரா?

கேட்க வெட்கப்படாதீர்கள். வண்டி குடை சாய்ந்தால் மூட்டை போகும். இங்கே போவது உயிர்!