பின்கட்டில் ஒரு வீடு

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை முடிந்ததும் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டும். பால்மரம் சீவிய கையாயினும் சரி, செக்ரோல் எழுதிய கையாயினும் சரி, இதில் வேற்றுமை கிடையாது. 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்து, தனியார் துறையில் 60 வயதுக்கு முன் யாரையும் ஓய்வு கொடுத்து அனுப்பக்கூடாது என்று விதித்தது. நல்ல சட்டம். தொழிலாளர் வீடுகளின் தரத்துக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் வேறொன்று வந்தது. அதுவும் 2019-இல் திருத்தப்பட்டது. அவையும் நல்லவையே. ஆனால் அவை யாவும் தொழிலாளியாக இருப்பவனின் கூரையைப் பற்றியவை. தொழிலாளியாக இருந்தவன் எங்கே தலை சாய்ப்பது?

விடை நம் எல்லோருக்கும் தெரியும். மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகிறோம். பிள்ளைகள் கிள்ளானிலோ பூச்சோங்கிலோ கடன் பட்டு ஒரு வரிசை வீடு வாங்கியிருப்பார்கள். மூன்று அறை. ஒன்றில் மகனும் மருமகளும், மற்ற இரண்டில் பேரப்பிள்ளைகள். பெரியவருக்குக் கூடத்தில் ஒரு கட்டில். இரவு பத்து மணிக்குமேல் தொலைக்காட்சி ஓய்ந்த பிறகுதான் அவருக்குத் தூக்கம். மகன் வெறுக்கவில்லை, மருமகள் முகம் சுளிக்கவில்லை. இடந்தான் போதவில்லை. இடம் போதாத வீட்டில் நாளடைவில் மனமும் இடம் போதாமல் ஆகிவிடுகிறது.

ஆகவேதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தின்மேல் எல்லோருடைய கண்ணும் விழுகிறது. அங்கே ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு கழிப்பறை. பெரியவர்கள் தங்கள் கஞ்சியைத் தாங்களே காய்ச்சிக் குடித்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைகள் ஓடிவரும் தூரத்தில் இருக்கலாம். இதைவிட நல்ல ஏற்பாடு வேறு உண்டோ? இதைச் செய்ய ஊழியர் சேமநிதிப் பணமும் கையில் வந்திருக்கிறது. குத்தகைக்காரர் வருகிறார், கண்ணாலே அளக்கிறார், ஒரு தொகை சொல்கிறார், அடுத்த திங்கட்கிழமை செங்கல் இறங்குகிறது. மன்றத்தின் உத்தரவு வேண்டாமா என்று கேட்டால், “எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்” என்று பதில் வருகிறது.

தோழர்களே, இந்த ஒரு வாக்கியம் ஆயுட்காலச் சேமிப்பையே மண்ணாக்கக் கூடியது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு சட்டத்திடம் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்வோம்.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, உள்ளூர் ஆட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் இதற்குள் அடங்கும். மீறினால் வழக்கும் அபராதமும் உண்டு. இடிக்கச் சொல்லும் ஆணையும் வரலாம். இதற்கு மேலே திட்டச் சட்டங்கள் இருக்கின்றன. கோலாலம்பூருக்கு 1982-இல் வந்தது ஒன்று. சிலாங்கூர் உள்ளிட்ட தீபகற்ப மாநிலங்களுக்கு 1976-இல் வந்தது மற்றொன்று. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1984-ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டட உபவிதிகள் சொல்லுகின்றன.

அந்த உபவிதிகளில் நாம் அறிய வேண்டிய அளவுகள் சில. வீட்டில் மனிதர் வசிக்கும் முதல் அறை 11 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 118 சதுர அடிக்குக் குறையக்கூடாது. இரண்டாவது அறை 9.3 சதுர மீட்டர், நம் கணக்கில் 100 சதுர அடி. மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர், சுமார் 70 சதுர அடி. படுக்கையறையின் உயரம் 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சற்றுக் கூடுதல். சன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது வேண்டும். அதில் பாதியாவது காற்று தடையின்றிப் புகும்படி திறந்திருக்க வேண்டும். பக்கத்து எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, பின் சந்துப் பக்கம் எவ்வளவு விடுவது என்பவை மன்றத்துக்கு மன்றம் மாறும்; அவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிளானைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ படவரைஞரோதான் சமர்ப்பிக்க முடியும். குத்தகைக்காரர் சிகரெட் அட்டையில் கிறுக்கியது பிளான் ஆகாது.

“என் மண், என் பணம், இதில் இவர்களுக்கு என்ன வேலை?” என்று கோபம் வருகிறதல்லவா? அந்தக் கோபத்தின் வேர் நமக்குப் புரியாமல் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு போடவும் துரையின் உத்தரவுக்காக ஆபீஸ் வாசலில் நின்ற சமூகம் இது. சொந்த வீடு என்று ஒன்று வந்த பிறகும் கைகட்டி நிற்பதா என்று மனம் கொதிக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. துரையின் உத்தரவு அவருடைய மனப்போக்கு. மன்றத்தின் உத்தரவுக்கு எழுதி வைத்த விதி உண்டு. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

விதி எதற்காகப் பிறந்தது என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே சாட்சி. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீ விழுங்கிற்று. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மரத்தாலும் அத்தாப்பாலும் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1882-இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவோர் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லுக்காகச் சூளைகள் எழுந்த நிலந்தான் பின்னாளில் ரயில்வே குவாட்டர்சும் கோவிலும் கடையுமாக நம்மவர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. ஒரு கட்டட விதியால் பெயர் பெற்ற ஊரிலே நின்றுகொண்டு கட்டட விதியே வேண்டாம் என்று சொல்லலாமா? பின் சந்தை அடைத்துக் கட்டிய வரிசையில் தீ பிடித்தால் பொம்பா வண்டி எந்த வழியாக வரும்? பக்கத்து வீட்டுப் பொதுச் சுவரில் உத்தரம் ஏற்றினால், விரிசல் விழும் வீட்டில் இருப்பவனும் நம்மைப் போன்ற தொழிலாளிதானே?

அனுமதிக்கு அப்பாலும் மூன்று குழிகள் உண்டு. நம்மவர் அடிக்கடி விழும் குழிகள் இவை.

முதலாவது, நிலம் எப்படிப்பட்டது என்று பாராமல் கட்டுவது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று வகைப்படுத்தியது. கிராண்டில் எந்த வகை, என்ன நிபந்தனை என்று எழுதியிருக்கிறதோ அதுவே முதல் விதி. அதைப் படிக்காமல் கடைக்கால் தோண்டக்கூடாது. டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் பேரில் இருப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த உரிமம் ஆண்டு முடிவோடு முடிவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிறர் பேருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு போகும். அந்த மண்ணில் சேமநிதியைக் கொட்டிக் கல்வீடு கட்டுவது ஆற்றுமணலில் கோலம் போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அடுக்குமாடி வீடு. மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் எண்ணற்றவை. அங்கே நடைபாதையைக் கம்பி போட்டு அடைத்து ஓர் அறை உண்டாக்குவதைக் காண்கிறோம். நடைபாதை பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அதைப் பராமரிக்கும் பொறுப்பு நிர்வாகக் கழகத்துடையது. அதை அடைப்பது பிறர் வழியை அடைப்பது. மாடிவீட்டாருக்குப் பின்கட்டு கிடையாது; அவர்களுக்குத் தேவை வேறு வகை வீடு. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2013-இல் மூன்று தலைமுறை வீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே கதவுக்குள் வாழும்படி கூடுதல் அறையும் கூடுதல் குளியலறையும் வைத்துக் கட்டிய வீடு அது. அண்டை நாட்டில் ஆவது இங்கே ஏன் ஆகாது?

மூன்றாவது குழிதான் மிக ஆழமானது. கட்டியவர் ஒருவர், கிராண்டில் பேர் வேறொருவருக்கு. தகப்பனார் பேரில் நிலம். இளைய மகன் தன் கைப்பணத்தில் பின்கட்டு வீட்டை எழுப்புகிறான். உயில் எழுதாமல் தகப்பனார் கண்ணை மூடுகிறார். நிலத்தோடு ஒட்டிய கட்டடம் நிலத்தையே சேரும். 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கும், மக்கள் அனைவருக்கும், உயிரோடிருந்தால் இறந்தவரின் பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் சமப் பங்கு, அதுவே நீதி. ஆனால் இளையவன் போட்ட பணத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லையென்றால், ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற அண்ணன் தம்பியர் வக்கீல் வாசலில் எதிரெதிரே நிற்க நேரிடும். அப்பன் மகனுக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். அப்பனும் மகனும் இருக்கும்போது எழுதினால்தான் இல்லாதபோது குடும்பம் நிற்கும். உயில் எழுதுங்கள், பணம் போட்டவர் பேரை எழுத்தில் வையுங்கள்.

இதுவரை சொன்னது நம் கடமை. இனி நம் உரிமைக்கு வருவோம்.

விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதை ஏழையும் நிறைவேற்றக் கூடியதாக இருக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குப் படம் போடவும், கட்டணம் கட்டவும், முத்திரை பெறவும், நாள் கணக்காக அலுவலகப் படி ஏறவும் ஒரு தொழிலாளியால் முடியுமா? கூலி இழந்து மூன்று முறை வந்தவன் நான்காவது முறை வரமாட்டான். இரவோடிரவாகச் சுவர் எழுப்புவான். பங்களா கட்டுபவரோ ஆள் வைத்து எல்லாத் தாளையும் முடித்துக்கொள்வார். முடிவில் ஒரே விதி பணக்காரனுக்குப் படியாகவும் ஏழைக்கு மதிலாகவும் நிற்கிறது. ஏழை சட்டத்தை மதிக்காதவன் என்ற பழியும் வந்து சேருகிறது.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுப் பஞ்சம் தலைக்குமேல் போனபோது, 2016 முதல் அங்குள்ள சட்டமன்றம் பின்கட்டு வீடுகளுக்கு வழிவிட்டுத் தொடர்ந்து சட்டங்கள் இயற்றிற்று. எழுதிய அளவுகளுக்குப் பொருந்தினால் நகராட்சி மறுக்கக்கூடாது. 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 750 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு வளர்ச்சிக் கட்டணம் வாங்கக்கூடாது. 2023-இல் வந்த சட்டமோ, முன்னதாகவே ஒப்புதல் பெற்ற பிளான்களை 2025 தொடக்கத்துக்குள் ஒவ்வொரு நகராட்சியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. முதலாளித்துவத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் நாட்டிலே இது நடந்திருக்கிறது.

நம் கோரிக்கையும் அதுதான். கோலாலம்பூர் மாநகர் மன்றமும் கிள்ளான் அரச மாநகர் மன்றமும் ஏனைய மன்றங்களும், பெரியவர்கள் தங்கும் சிறு பின்கட்டு வீட்டுக்கென ஒப்புதல் பெற்ற மாதிரிப் பிளான்கள் சிலவற்றை முன்கூட்டியே தயாரித்துச் சொற்ப விலைக்குத் தர வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று கெடு வைக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியவற்றில் தீக்கும் வடிகாலுக்கும் அண்டை வீட்டுக்கும் கேடு செய்யாதவற்றை இடிக்கும் முன், திருத்தி முறைப்படுத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். அதே வேளையில் பலகை அடித்துப் பத்துப் பேரை ஓர் அறைக்குள் அடைத்து வாடகை பிடுங்குவோருக்கு இரக்கம் காட்டத் தேவையில்லை. நாம் கேட்பது தாய் தகப்பனுக்குக் கூரை. வாடகை வியாபாரிக்குச் சலுகை அல்ல.

மன்றம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள்; அந்தப் பணம் தோட்டங்களையே வாங்கிற்று. பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பேரைத் தாங்கி நிற்கிறது. பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய கைகளுக்கு, இருபது குடும்பம் சேர்ந்து ஒரு படவரைஞரை அமர்த்துவது பெரிய காரியமா? ஒவ்வொரு கிளையிலும் கிராண்டையும் படிவத்தையும் படித்துச் சொல்லத் தெரிந்த கிராணிமார் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு இடிபாட்டுக்குத் தப்பும்.

ஆகவே, செங்கல் இறங்கும் முன் கிராண்டைப் படியுங்கள். கடைக்கால் தோண்டும் முன் உத்தரவைப் பெறுங்கள். உத்தரவு கிடைக்கத் தாமதமானால் தனியே புலம்பாமல் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். மரத்துக்கு மரம் ஓடித் தேய்ந்த கால்கள் நீட்டிப் படுக்க ஓர் அறை வேண்டும். அது சட்டப்படி எழும்பிய அறையாகவும், யாரும் வந்து இடிக்க முடியாத அறையாகவும் இருக்க வேண்டும்.