திருப்பூர் குப்பை: உரமாக வந்தால் வாங்கலாமா?

திருப்பூர் மாநகராட்சிக் குப்பையைக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து, 2025-ல் முதலிபாளையம், இடுவாய் அருகே சின்னக்காளிபாளையம் என அடுத்தடுத்துப் போராட்டங்கள் நடந்தன. இதை அந்த ஊர்களின் பிரச்சினை என்று மட்டும் விவசாயிகள் விட்டுவிடக் கூடாது. உங்கள் கிணற்று நீரும், உங்கள் வயலுக்கு வரும் உரமும் இதில் அடங்கியிருக்கின்றன.

பாறைக்குழியால் என்ன ஆபத்து?

நம் பகுதியில் நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாகவே ஓடுகிறது. குப்பை மழையில் ஊறிக் கசியும் கழிவுநீர், அதே வெடிப்புகள் வழியாகக் கிணறு, போர்வெல் வரை போகலாம். சாயக்கழிவால் நொய்யல் பாசனமும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதைப் பார்த்தோம். சாயப்பட்டறைகளை மூட 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உப்பேறிய மண்ணைச் சீராக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பிரித்தால் பொருள்

பனியன் கட்டிங் வேஸ்ட் தனியாகச் சேர்ந்தால் ஓ.இ. மில்லுக்குப் போய் மீண்டும் நூலாகிறது. காய்கறி, உணவுக் கழிவோடு கலந்துவிட்டால் இரண்டுமே வீண். மக்கும் கழிவு தனியாக வந்தால் நுண் உர மையத்தில் சுமார் 2 மாதத்தில் உரமாகும். காற்றுப் புகாத கலனில் இட்டால் சமையல் எரிவாயு தரும், மிஞ்சும் கரைசலும் உரமாகும். மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத எரிதிறன் உள்ள கழிவைப் புதைக்கக் கூடாது, எரிசக்திக்கே பயன்படுத்த வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. எல்லாவற்றுக்கும் தொடக்கம் வீட்டிலும் கம்பெனியிலும் பிரிப்பதுதான்.

வாங்கும் முன் கவனியுங்கள்

நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை தரம் நிர்ணயித்துள்ளது. குறைந்தபட்சம் தழைச்சத்து 0.8, மணிச்சத்து 0.4, சாம்பல் சத்து 0.4 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது 1 டன்னில் 8 கிலோ தழைச்சத்துதான். எனவே இதை மண்ணின் அங்ககச் சத்தை உயர்த்தும் பொருளாகக் கருதுங்கள். யூரியாவுக்கு மாற்றாக அல்ல.

1. ஆய்வு அறிக்கை கேளுங்கள். மின் கடத்துதிறன் (இ.சி.) 4-க்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே உப்பு நீர் பாயும் நிலத்தில் இது மிக முக்கியம். சின்ன வெங்காயம் உப்பைத் தாங்காது.
2. கிலோவுக்கு ஈயம் 100, குரோமியம் 50, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.
3. ஒரு பிடி எடுத்துச் சலித்துப் பாருங்கள். துணி நூல், பிளாஸ்டிக், கண்ணாடி இருந்தால் வாங்காதீர்கள். பாலியஸ்டர் நூல் மண்ணில் மக்காது.
4. ஈரமாக்கி, பாலித்தீன் பையில் 3 நாள் கட்டி வையுங்கள். திறந்ததும் துர்நாற்றம் வந்தால் உரம் முழுதாக மக்கவில்லை.
5. முதலில் சில சென்ட் நிலத்தில் மட்டும் இட்டுப் பாருங்கள்.

குப்பை கொட்டிய குழிக்கு அருகில் உங்கள் தோட்டம் இருந்தால், கிணற்று நீரை இப்போதே பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பரிசோதியுங்கள். நாளை நீர் கெட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.