ஏரி நிறைய இறால். குப்பம் நிறையக் கடன்!

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இறால், நண்டு, மடவை, கொடுவா என்று இங்கே பிடிபடும் சரக்கு சென்னை மார்க்கெட்டுக்குப் போகிறது. ஐஸ் பெட்டியில் ஏறி அந்நிய நாடுகளுக்கும் போகிறது. டாலர் வருகிறது. ஆனால் வலை இழுத்தவன் குடிசையில் அந்த டாலரின் நிழல்கூட விழுவதில்லை.

ஏன் இந்த நிலை? இயற்கை வஞ்சித்துவிட்டதா? மீனவன் சோம்பேறியா? முதலாளித்துவ உபதேசிகள் அப்படித்தான் சொல்வார்கள். நாம் அதை அடியோடு மறுக்கிறோம்.

வறுமை என்பது கையில் காசில்லாமை மட்டுமல்ல. ஐக்கிய நாடுகள் சபையே 2010 முதல் சத்துணவு, குழந்தை மரணம், படிப்பு, குடிநீர், கழிப்பிடம், வீடு, அடுப்பு எரிபொருள் முதலான 10 அளவைகளால் வறுமையை அளக்கிறது. நல்லது. ஆனால் இரண்டு கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. சரக்குக்கு விலை சொல்வது யார்? தண்ணீருக்கு எஜமான் யார்? இவற்றைக் கேட்காமல் வறுமையை அளக்கலாம், ஒழிக்க முடியாது.

விலையைப் பார்ப்போம். வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறான். வாங்கியவன் பிடித்ததையெல்லாம் அவனிடமே போட வேண்டும், அவன் சொன்ன விலைக்கே போட வேண்டும். வட்டி என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் வட்டியைவிடக் கொடியது. பண்ணையாரிடம் முன்பணம் வாங்கி அறுவடைக் கூலியை இழந்த விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இது புதிய தந்திரமும் அல்ல. 1613-ல் டச்சுக்காரன் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். வர்த்தகர்கள் மூலம் நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணியை வாரிக்கொண்டான். பஞ்சத்தில் பசியால் துடித்த மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, பட்டேவியாவுக்குக் கப்பலேற்றினான். கோட்டை இடிந்தது. முன்பண முறை இடியவில்லை!

இனி தண்ணீரைப் பார்ப்போம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வராது. இறால் குஞ்சும் வராது. குப்பத்தில் அடுப்பும் எரியாது. அதை ஆண்டு முழுவதும் திறந்து வைத்திருக்க வேண்டுமென்று மீனவ மக்கள் கேட்டுக் கேட்டு நா வறண்டார்கள்.

ஏழையின் முகத்துவாரத்துக்குத் தயங்கும் சர்க்கார், பெருமுதலாளியின் துறைமுகத்துக்குத் தயங்குவதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-ல் அதானி கம்பெனி வாங்கியது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராகப் பெருக்கத் திட்டம் போட்டது. கரை அரிக்கும், ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்திட்டே போய்விடும் என்று குப்பங்கள் கொதித்தெழுந்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. தள்ளிவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பதை மக்கள் மறக்கக்கூடாது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். காந்தியவாதி ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்தது: சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. பிறகு நடந்தது என்ன? 2005-ல் பார்லிமெண்டில் புதிய சட்டம் கொண்டுவந்து, கடற்கரை இறால் பண்ணை முதலாளிகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். மக்கள் விழித்திருக்காவிட்டால் தீர்ப்பும் வெறும் காகிதமே.

பழவேற்காட்டில் மட்டும்தானா இப்படி? நைஜீரியாவில் எண்ணெய் பொங்குகிறது. நைஜர் கழிமுகத்து மீனவனின் ஓடையில் அந்த எண்ணெயே விஷமாக மிதக்கிறது. அதை எதிர்த்த எழுத்தாளர் கென் சரோ-விவாவை 1995-ல் ராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. காங்கோவில் கோபால்ட் தோண்டும் கைகளுக்குக் கஞ்சியில்லை. மண்ணிலும் நீரிலும் செல்வம் இருக்கிறது. அதைப் படைப்பவர் கையில் அதிகாரம் இல்லை. இதுவே மூலகாரணம்.

நம்மவர்க்குள்ளே இருக்கும் வேலியையும் சொல்லியாக வேண்டும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது அது. உள்ளே இருப்பவனுக்கு அது நியாயம். வெளியே நிற்கும் தலித், இருளர் உழைப்பாளிக்கு அது சாதிவேலி. இருளர் பெண்கள் தண்ணீரில் அமிழ்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சேற்றிலுள்ள சிப்பியும் முள்ளும் கையைக் கிழிக்கின்றன. ஏரி சுருங்கச் சுருங்க குப்பத்துக்குக் குப்பம், ஆந்திரத்து மீனவனுக்கும் தமிழ் மீனவனுக்கும் மோதல் மூள்கிறது. லாபம் யாருக்கு? வியாபாரிக்கும் கம்பெனிக்கும்தான்! பக்கத்து வலை நமக்கு எதிரியல்ல.

ஆகவே நாம் கோருவது இது: முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். முன்பணக் கடனை ரத்துசெய்து, கூட்டுறவுச் சங்கம் மூலம் கடனும் நியாய விலையும் கொடுக்க வேண்டும். துறைமுக விஸ்தரிப்பைக் கைவிட வேண்டும். இருளர், தலித், பெண்கள் உட்பட ஏரியில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும்.

இவை மீனவர் கோரிக்கைகள் மட்டுமல்ல. ஆலைத் தொழிலாளியின் உழைப்பையும், வயல் தொழிலாளியின் கூலியையும், மீனவனின் பாட்டையும் விழுங்குவது ஒரே வாய். ஆலை வாயில்களிலும் கிராமச் சங்கங்களிலும் பழவேற்காட்டு மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானங்கள் நிறைவேறட்டும். குப்பம் தனியாக நின்றால் தோற்கும். உழைக்கும் வர்க்கம் பக்கத்தில் நின்றால் வெல்லும். நிற்போம்!