‘தலைச்சன் தங்கல’ என்பார்களே... அந்தக் குழந்தைக்குப் பதிவு இருக்கிறதா? எங்கே தேடுவது?

குடும்ப வரலாறு எழுத உட்காரும் பலரும் ஒரு இடத்தில் முட்டி நிற்பார்கள். "உங்கப்பாவுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு, தங்கல" என்பார் அத்தை. பெயர் கிடையாது, எந்த வருஷம் என்பதும் சரியாகத் தெரியாது. இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனால், அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வரும்.

இறந்தே பிறந்த குழந்தையை இறப்புப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின்படி, உயிருடன் பிறந்த பிறகு நடப்பதுதான் ‘இறப்பு’. குறைந்தது 28 வாரம் வளர்ந்து, உயிரில்லாமல் பிறக்கும் குழந்தை ‘பிறப்பு’ என்ற வரையறைக்குள் வருகிறது. ஆனால் வழக்கமான பிறப்புப் பதிவேட்டிலும் அது இருக்காது. படிவம் 3-ல் தகவல் கொடுத்து, படிவம் 9 என்ற தனிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். 28 வாரத்துக்கு முன் கலைந்த கருவுக்கு இந்தப் பதிவு கிடையாது.

பெயர் இல்லாத பதிவு

இந்தப் பதிவில் தேதி, ஆணா பெண்ணா, அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம், தகவல் தந்தவர் விவரம் எல்லாம் உண்டு. கர்ப்பம் எத்தனை வாரம், காரணம் என்ன என்றும் கேட்பார்கள். குழந்தையின் பெயருக்கு மட்டும் இடம் இல்லை. அதனால் தேட வேண்டியது அம்மாவின் பெயரை. அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருந்திருக்கும். இரண்டையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

எந்த அலுவலகம்?

இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். பதிவு நடப்பது பிரசவம் நடந்த இடத்தில். குடியிருக்கும் ஊரில் அல்ல. திருமுடிவாக்கத்தில் வசித்தவர் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவித்திருந்தால், ஊர் விஏஓவிடம் கேட்டுப் பயனில்லை. அது சென்னை மாநகராட்சி எல்லை. வீட்டிலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவம் என்றால்தான் கிராமப் பதிவேடு.

அதிலும் ஒரு சிக்கல். திருமுடிவாக்கம் இப்போது காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டம். முன்பு ஸ்ரீபெரும்புதூர் வட்டம். 1997-ல் மாவட்டம் பிரிவதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டம். பழைய காகிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையும் சேர்த்துச் சொன்னால் அலைச்சல் குறையும். பதிவாளரிடம் பதிவேடு இருப்பது அந்த ஆண்டு முடிந்து 12 மாதம் வரைதான். பிறகு பாதுகாப்புக்காக வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். இந்தப் பதிவேட்டை அழிக்கக் கூடாது என்கிறது மாதிரி விதி.

வருஷமே தெரியாவிட்டால்?

அடுத்த குழந்தையின் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். ‘ஜி2 பி1 எல்0’ போல ஒரு குறிப்பு இருக்கும். இது இரண்டாவது கர்ப்பம், முன்பு ஒரு பிரசவம் நடந்திருக்கிறது, உயிருடன் குழந்தை இல்லை என்று பொருள். கல்யாணத் தேதிக்கும் இந்தச் சீட்டின் தேதிக்கும் இடையிலான வருஷங்களில் தேடினால் போதும். ஆனால் பிறந்து சில நாள் கழித்து இறந்த குழந்தைக்கும் இதே எழுத்துதான் வரும். ஒரே ஒரு தடவை அழுத குழந்தைக்குக்கூடச் சட்டப்படி பிறப்பு, இறப்பு என இரண்டு பதிவு வேண்டும். ஆகவே மூன்று பதிவேடுகளையும் பார்க்கச் சொல்லி விண்ணப்பிப்பதுதான் சரி. சட்டத்தின் 17-வது பிரிவில் கட்டணம் கட்டித் தேடச் சொல்ல வழி இருக்கிறது. பதிவு இல்லை என்றால், ‘இல்லை’ என்பதையே எழுத்தில் தர படிவம் 10 உண்டு.

1970-க்கு முந்தைய வீட்டுப் பிரசவங்களுக்கு வாய்ப்பு குறைவுதான். அங்கே அத்தை சொல்வதே ஆவணம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தேதியோடு குறித்து வைக்கலாம்.

இங்கிலாந்தில் இறந்தே பிறந்த குழந்தைகளைப் பதிவது 1927 ஜூலை 1-ல் தொடங்கியது. பெற்றோர் விரும்பினால் பெயரும் சேர்க்கலாம் என்பது பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. இங்கே பிறப்புக்குப் படிவம் 5, இறப்புக்குப் படிவம் 6 என்று சான்றிதழ் இருக்கிறது. படிவம் 9-ல் ஏறிய குழந்தைக்கு அப்படித் தனிச் சான்றிதழ் படிவம் மாதிரி விதிகளில் வைக்கப்படவில்லை. பெயருக்கு ஒரு வரி சேர்க்க அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.