நேரம் எழுதினால் ஊரையும் எழுதுங்கள்



போன நவம்பரில் எங்கள் அண்ணன் காரியத்துக்கு, "காலை 10 மணி, வீடியோவில் வாருங்கள்" என்று குடும்பக் குழுவில் போட்டோம். லண்டனில் இருக்கும் பேரன் கோடைக் கணக்குப்படி நாலரை மணி கழித்தான். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். கழிக்க வேண்டியது ஐந்தரை. பிள்ளை வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அழுதான்.

"போனே மாற்றிக் காட்டுமே சார்" என்கிறீர்கள். எந்த ஊர் 10 மணி என்று சொல்லாவிட்டால் போன் எதை மாற்றும்? நம் ஜவ்வாது மலையில், காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் வானியலாளர்களே உலக நேரத்தில்தான் கணக்கு வைக்கிறார்கள். தப்பு பேரன்மேல் இல்லை, எங்கள்மேல்.

இனி "இந்திய நேரம் காலை 10, லண்டன் 4:30" என்றே எழுதுங்கள். அலகு போடாத விடைக்கு நான் மார்க் போட்டதில்லை. ஊர் போடாத நேரத்துக்கும் அதே கதிதான்.